சட்டப் பட்டம் இல்லாமல் சட்டத்தில் முதுநிலைப் படிப்பு: விண்ணப்பிப்பது எப்படி?

நான் கட்டுமானப் பொறியியல் படித்தவள். ஒரு பாலப் பணியில் வெள்ளம் புகுந்து வேலை நின்றுபோனது. காலக்கெடுவை நீட்டித்துத் தரும்படி நாங்கள் அனுப்பிய கடிதம் 31ஆம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம், பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 1999ஆம் ஆண்டுப் படிவத்தில் இருந்தது. அதன் 20.1ஆம் பிரிவின்படி, தாமதத்துக்கான காரணம் தெரியவந்த 28 நாட்களுக்குள் ஒப்பந்ததாரர் அறிவிப்புத் தர வேண்டும். தவறினால் கூடுதல் காலமும் கிடையாது, கூடுதல் பணமும் கிடையாது. வெள்ளம் வந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் கோரிக்கை தள்ளுபடி. மூன்று நாள் தாமதத்துக்கு இவ்வளவு பெரிய இழப்பா, இப்படி ஒரு பிரிவு செல்லுமா என்று கேட்டேன். தளத்தில் இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் என்னைச் சட்ட வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அதன் பிறகு செவிலியர், கணக்காளர், மென்பொருள் எழுதுபவர் என்று பலர் தங்கள் விண்ணப்பத்தை என்னிடம் காட்டியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே கவலையோடுதான் வருவார்கள்: "எனக்குத்தான் சட்டப் பட்டம் இல்லையே." அந்தக் கவலையை விண்ணப்பத்தில் எழுதிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உங்கள் வேலையிலிருந்து எந்தச் சட்டக் கேள்வி எழுந்தது என்பதைத்தான் தேர்வுக்குழு தேடுகிறது. அதைக் கண்டுபிடிப்பதிலிருந்து வகுப்புக்குப் போவதுவரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு முடிவு: வழக்காட வேண்டுமா, சட்டம் தெரிய வேண்டுமா?

இதைத் தீர்மானிக்காமல் விண்ணப்பத்தைத் திறக்கவே வேண்டாம். முதுநிலைச் சட்டப் படிப்பு ஒன்றை முடித்தாலே வழக்கறிஞர் ஆகிவிடலாம் என்று நினைத்துப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துப்போகும்.

வழக்கறிஞராகும் வழி நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 செப்டம்பரில் எஸ்க்யூஇ என்ற தேர்வுமுறை வந்தது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் இரண்டு கட்டத் தேர்வையும் எழுதி, இரண்டு ஆண்டு பணி அனுபவத்தையும் காட்டினால், நன்னடத்தைச் சரிபார்ப்புக்குப் பிறகு சொலிசிட்டர் என்ற வகை வழக்கறிஞர் ஆகலாம். அதற்கு எல்எல்எம் என்ற முதுநிலைச் சட்டப் பட்டம் தேவையே இல்லை. அமெரிக்காவில் வழக்கமான வழி ஜேடி என்ற மூன்றாண்டுச் சட்டப் பட்டம். அதுவே ஒரு பட்டத்துக்குப் பிறகு படிப்பதுதான், அந்த முதல் பட்டம் எந்தப் பாடமாகவும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் மெல்போர்ன் போன்ற பல்கலைக்கழகங்கள் ஜேடி நடத்துகின்றன. இந்தியாவில் எந்தப் பட்டதாரியும் மூன்றாண்டு எல்எல்பியில் சேரலாம். சட்டப் பட்டம் இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக வாதாட முடியாது.

ஆக, கறுப்பு அங்கி போட்டுக்கொள்வதுதான் ஆசை என்றால் மேலே சொன்ன பாதைகளில் ஒன்றைப் பிடியுங்கள். நீங்கள் செய்யும் வேலையைச் சட்டத்தின் கண்ணோடு பார்க்க வேண்டும், ஒப்பந்தம், காப்புரிமை, வரி, தரவுப் பாதுகாப்பு, மருத்துவச் சட்டம், மனித உரிமை என்று ஒரு துறையில் ஆழமாகப் போக வேண்டும் என்றால் இந்தக் கட்டுரையைத் தொடர்ந்து படியுங்கள்.

பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்

எல்எல்எம் என்பதில் ஏன் இரண்டு 'எல்'? லத்தீனில் 'சட்டங்கள்' என்ற பன்மையைச் சுருக்கும்போது எழுத்தை இரட்டிப்பார்கள். 'சட்டங்களில் முதுநிலை' என்று பொருள். இந்தப் பெயரை எல்லாருக்கும் கொடுக்க எல்லா நாடும் சம்மதிப்பதில்லை. இந்தியப் பார் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, எல்எல்பி இல்லாதவர்களைச் சேர்க்கும் படிப்புக்கு எல்எல்எம் என்று பெயர் வைக்கக் கூடாது. அதனால் அங்கே இத்தகைய படிப்புகள் வேறு பெயர்களில் நடக்கின்றன. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் வணிகச் சட்ட முதுநிலைப் படிப்பு ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில் எம்எஸ்எல், எம்எல்எஸ் என்ற பட்டங்கள் வழக்கறிஞர் அல்லாதவர்களுக்கென்றே இருக்கின்றன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்காக 2014இல் ஒன்றைத் தொடங்கியது. யேல் சட்டப் பள்ளியில் ஓராண்டு எம்எஸ்எல் உண்டு. கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஜிபிஎல்எல்எம் என்ற முதுநிலைச் சட்டப் படிப்பு வழக்கறிஞர்களையும் மற்றத் துறையினரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கிறது. பிரிட்டனில் எம்ஏ, எம்எஸ்சி என்ற பெயரில் சட்டத் துறையே நடத்தும் படிப்புகள் நிறைய. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கட்டுமானச் சட்ட எம்எஸ்சி 1987 முதல் நடக்கிறது. பொறியாளர், கட்டடக் கலைஞர், வழக்கறிஞர் எல்லாரும் அதில் ஒன்றாகப் படிக்கிறார்கள்.

பெயர் எதற்கு, பாடம்தானே முக்கியம் என்று தோன்றலாம். பாதி உண்மை. வேலையில் உயர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு எம்எஸ்சியா எல்எல்எம்மா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னாளில் சட்டக் கல்லூரியில் கற்பிக்க நினைப்பவர்களுக்கும், சட்டத்தில் முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கும் பெயர் உயிர். அவர்கள் தாங்கள் வாழப்போகும் நாட்டின் அங்கீகார விதியை முதலில் படித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கட்டும்.

தகுதி வாசகத்தை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் தகுதி பற்றி இரண்டு மூன்று வரி இருக்கும். ஒப்பந்தப் பிரிவைப் படிப்பதுபோல் அதைச் சொல் சொல்லாகப் படியுங்கள். இது உங்கள் முதல் சட்டப் பயிற்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"சட்டத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தால் கதவு மூடியிருக்கிறது. ஹார்வர்டின் எல்எல்எம் இந்த வகை. "சட்டம் அல்லது தொடர்புடைய துறையில் பட்டம்" என்றால் கதவு திறந்திருக்கிறது, ஆனால் தொடர்பை நிரூபிக்க வேண்டியது நீங்கள். "அல்லது அதற்கு இணையான பணி அனுபவம்" என்று இருந்தால் உங்கள் பயோடேட்டா மதிப்பெண் பட்டியல் அளவுக்குப் பேசும். "சிறப்பு நேர்வுகளில் பரிசீலிக்கப்படும்" என்பது நம்பிக்கை தரும் வாக்கியம் போலத் தெரியும். ஆனால் அதை நம்பி ஒரே ஒரு விண்ணப்பத்தோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் பழைய படிப்புக்குப் பக்கத்தில் இருப்பதைப் பிடிப்பது நல்லது. மியூனிக் அறிவுசார் சொத்துரிமைச் சட்ட மையம் அறிவியல், பொறியியல், பொருளியல் பட்டதாரிகளை எல்எல்எம்மிலேயே சேர்த்துக்கொள்கிறது. காப்புரிமை ஆவணத்தில் உள்ள வேதியியலையோ மின்சுற்றையோ புரிந்துகொள்ள ஆள் வேண்டுமே! சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள உலக வணிக நிறுவனம் பன்னாட்டுச் சட்டத்தையும் பொருளியலையும் சேர்த்து ஒரு முதுநிலைப் பட்டம் தருகிறது. அங்கே வழக்கறிஞர்களோடு பொருளியல், அரசியல் அறிவியல் படித்தவர்களும் இருப்பார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எல்எல்எம்மில், முதலில் சில பாடங்களை எழுதித் தேறிக் காட்டி முழுப் படிப்புக்குள் நுழையும் வழி உண்டு. வேலையை விட முடியாதவர்களுக்கும், தேர்வில் எழுதிக் காட்டினால்தான் தன்மேல் நம்பிக்கை வரும் என்பவர்களுக்கும் அது நல்ல வழி.

சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்

வாசகத்தில் சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஐந்தாறு வரி போதும். உங்கள் பட்டம், மதிப்பெண், எத்தனை ஆண்டு என்ன வேலை, எந்தப் படிப்பு, உங்கள் கேள்வி. "எனக்கு வாய்ப்பு இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால், "விண்ணப்பியுங்கள், பரிசீலிப்போம்" என்ற பொதுவான பதில்தான் வரும். "தொடர்புடைய துறை என்பதில் கட்டுமானப் பொறியியலைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா? ஒப்பந்த நிர்வாகத்தில் ஆறு ஆண்டு அனுபவத்துக்கு மதிப்பு உண்டா?" என்று கேளுங்கள். தெளிவான கேள்விக்குத் தெளிவான பதில் வரும். அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பம் வேறொருவர் கைக்குப் போய், தகுதி இல்லை என்று திரும்பி வந்தால், அந்த அஞ்சலை இணைத்து மறுபரிசீலனை கேட்கலாம்.

விண்ணப்பத்துக்கு முன் ஆறு மாதம்: தீர்ப்பு படியுங்கள்

சட்டம் படிக்காத ஒருவர் சட்டத்தை வாசிக்க முடியுமா என்பதுதான் குழுவின் உண்மையான சந்தேகம். அதைத் தீர்க்கப் பெரிய சான்றிதழ் எதுவும் வேண்டாம். தீர்ப்புகளை இலவசமாகவே படிக்கலாம்: பிரிட்டிஷ் தீர்ப்புகளுக்கு பெய்லி, ஆஸ்திரேலியாவுக்கு ஆஸ்ட்லி, இந்தியாவுக்கு இந்தியன் கானூன், அமெரிக்கச் சட்டத்துக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சட்டத் தகவல் நிறுவனம். வாரம் ஒரு தீர்ப்பு படித்து, ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்.

எதில் தொடங்குவது? கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி என்ற வழக்கை நான் எல்லாருக்கும் கொடுப்பேன். 1891இல் அந்தக் கம்பெனி ஒரு விளம்பரம் தந்தது. தங்கள் புகை உருண்டையை நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம் சொன்னபடி பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாகவும், அதற்கென்றே அலையன்ஸ் வங்கியில் 1000 பவுண்டு போட்டிருப்பதாகவும் சொன்னது. கார்லில் என்ற பெண்மணி வாங்கிப் பயன்படுத்தினார், அவருக்குக் காய்ச்சல் வந்தது. பணம் கேட்டார். விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்துவது சகஜம், ஊர் உலகத்தோடெல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா, அவர் சம்மதம் என்று எங்களிடம் சொல்லவே இல்லையே என்றது கம்பெனி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892 டிசம்பரில் கார்லில் பக்கம் தீர்ப்பளித்தது. வங்கியில் பணம் போட்டிருப்பதாகச் சொன்னதே அவர்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதைக் காட்டுகிறது. உலகத்துக்கே ஒரு முன்மொழிவு வைக்கலாம். சொன்னதைச் செய்து முடிப்பதே சம்மதம்.

ஒரு செவிலியர் தோழி இதைப் படித்துவிட்டு முதல் குறிப்பில் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். கார்பாலிக் அமிலப் புகை சுவாசப்பாதையில் என்ன செய்யும், அது காய்ச்சலைத் தடுக்குமா என்பதுதான் முழுவதும். எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உருண்டை வேலை செய்கிறதா என்பது வழக்கின் முடிவுக்குத் தேவையே இல்லை! அதைப் புரிந்துகொண்ட அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் நான்கே பத்தியில் எழுதி வந்தார்: பிரச்சினை என்ன, பொருந்தும் விதி என்ன, இந்த உண்மைகளில் விதி எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. சட்டக் கல்லூரிகளில் இந்த வரிசையில்தான் எழுதக் கற்றுத்தருகிறார்கள். எழுத்து மாதிரி கேட்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் குறிப்பையே விரித்து எழுதி அனுப்பினார்.

நோக்கக் கடிதம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். என் முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: "நான் பொறியியல் பட்டதாரியாக இருந்தாலும், சிறு வயதிலிருந்தே நீதியின் மீது எனக்கு ஆழ்ந்த பற்று உண்டு." அந்த ஆண்டு இரண்டு இடங்களிலிருந்து மறுப்பு வந்தது. 'இருந்தாலும்' என்ற ஒரு சொல்லிலேயே நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீதியின் மீது பற்று இல்லாதவர் யாராவது சட்டத்துக்கு விண்ணப்பிப்பாரா?

அடுத்த ஆண்டு, அதே மதிப்பெண்களோடு, இப்படித் தொடங்கினேன்: "எங்கள் அறிவிப்பு 31ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் 28 நாள் என்றது." அதன்பிறகு அந்தப் பிரிவைப் பற்றி நான் படித்ததைச் சொன்னேன். 2014இல் ஓப்ரஸ்கான் எதிர் ஜிப்ரால்டர் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் இதே 20.1ஆம் பிரிவைப் பார்த்தது. விமான நிலையத்தை ஒட்டிய சாலையும் சுரங்கப்பாதையும் சம்பந்தப்பட்ட பணி அது. அறிவிப்பு கட்டாயம்தான் என்றாலும், நாள் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதை ஒப்பந்ததாரருக்குச் சற்றுச் சாதகமாகவே நீதிபதி விளக்கினார். தாமதம் நேரும் என்று தெளிவாகும்போதும் அறிவிக்கலாம், தாமதம் உண்மையில் தொடங்கிய பிறகும் அறிவிக்கலாம் என்பது அவர் கருத்து. அப்படியானால் வெள்ளம் வடிந்த பிறகும் நீளும் தாமதத்துக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? இதுதான் நான் படிக்க விரும்பும் கேள்வி என்று எழுதி, அந்தப் படிப்பில் எந்தப் பாடம் இதைத் தொடுகிறது என்றும் சொன்னேன். இடம் கிடைத்தது.

உங்கள் கடிதத்திலும் இந்த மூன்றும் இருக்கட்டும்: வேலையில் நேருக்கு நேர் பார்த்த ஒரு நிகழ்வு, அதைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே என்ன சொல்கிறது என்று நீங்களே தேடிப் படித்தது, இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வி. கணக்காளருக்கு அது ஒரு வரி நோட்டீஸாக இருக்கலாம். மருத்துவமனையில் இருப்பவருக்கு நோயாளி கையெழுத்திடாத ஒப்புதல் படிவமாக இருக்கலாம். மென்பொருள் எழுதுபவருக்கு, யாரோ எழுதிய திறந்த மூல நிரலைத் தங்கள் பொருளில் சேர்த்த நாளாக இருக்கலாம். நிறுவனத்தின் பெயரையும் நோயாளியின் அடையாளத்தையும் எழுதாதீர்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் ஒரு சட்டத் துறைக்கு வந்துவிட்டால் அதோடு முடிந்தது.

சட்டச் சொற்களை அள்ளித் தெளிக்கவும் வேண்டாம். தவறான இடத்தில் விழுந்த ஒரு லத்தீன் சொல் போதும், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பரிந்துரை தருபவர்கள்

சட்டப் பேராசிரியர் யாரையும் தெரியாதே என்று தவிக்க வேண்டாம். உங்களைப் பற்றி விவரமாக எழுதக்கூடிய ஒரு பொறியியல் பேராசிரியரின் கடிதம், கைகுலுக்கிய அறிமுகம் மட்டுமே உள்ள நீதிபதியின் கடிதத்தைவிட மேல். ஆனால் அவர்களுக்கு நீங்கள் உதவ வேண்டும். "நல்ல மாணவி, கடின உழைப்பாளி" என்று எழுதித் தந்தால் பயனில்லை. நீண்ட ஆவணத்தைப் படித்து அதில் முரண் கண்டுபிடித்தது, தெளிவாக எழுதியது, எதிர்த்தரப்பின் வாதத்தையும் நியாயமாகச் சொன்னது என்று சட்டப் படிப்புக்குப் பொருந்தும் இரண்டு மூன்று நிகழ்வுகளை நினைவூட்டி, உங்கள் நோக்கக் கடிதத்தையும் அனுப்பிவையுங்கள். கடைசித் தேதிக்கு ஆறு வாரமாவது முன்னதாகக் கேட்பது மரியாதை.

தேர்வு, சான்றிதழ், தேதி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத் தேர்வில் சட்டத் துறைகள் மற்றத் துறைகளைவிடக் கூடுதலாகக் கேட்கும். ஐஇஎல்டிஎஸ்ஸில் 7 அல்லது 7.5, எழுத்துப் பகுதிக்குத் தனி வரம்பு என்று பல இடங்களில் இருக்கும். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால் மிகவும் முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். எல்சாட் என்பது ஜேடிக்கான நுழைவுத் தேர்வு, மதிப்பெண் 120 முதல் 180 வரை. பழைய பயிற்சிப் புத்தகம் வாங்கும்போது கவனம்: 2024 ஆகஸ்ட் முதல் அதில் லாஜிக் கேம்ஸ் பகுதி கிடையாது. எம்எஸ்எல், எம்ஏ போன்ற படிப்புகளுக்குப் பெரும்பாலும் அந்தத் தேர்வே வேண்டாம். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்க ஆகும் நாளைக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

உதவித்தொகை வேண்டுமென்றால் படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்பார்கள். வேலையிலிருந்து வரும் நமக்கு இது சாதகம், அனுபவம் சட்டத் துறையில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

எத்தனை இடத்துக்கு விண்ணப்பிப்பது? ஐந்து என்பேன். இரண்டு கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றுபவை, இரண்டு சரிபாதி வாய்ப்புள்ளவை, ஒன்று ஆசைக்கு. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கடிதமும் நீர்த்துப்போகும்.

பதில் வந்த பிறகு

நிபந்தனையோடு இடம் தந்தால், நிபந்தனை என்ன, எந்தத் தேதிக்குள் என்பதைத் தனியாக எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மறுப்பு வந்தால், காரணம் கேட்டு ஒரு பணிவான அஞ்சல் எழுதலாம், சில துறைகள் சொல்லும். "சட்டப் பின்னணி போதவில்லை" என்பது காரணமாக இருந்தால், ஒரு முதுநிலைச் சட்டப் பட்டயத்தை முடித்துவிட்டுத் திரும்ப விண்ணப்பிப்பது நடைமுறையில் உள்ள வழிதான்.

இடம் கிடைத்து வகுப்புக்குப் போனால், முதல் மாதம் கடினம். மறைக்க விரும்பவில்லை. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் படிக்கும் தீர்ப்பை நான் மூன்று மணி நேரம் படித்தேன். சட்டப் பட்டம் இல்லாதவர்களுக்காகப் பல இடங்களில் அடிப்படைப் பாடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் சட்டத் தர்க்கமும் 'காமன் லா' எனப்படும் பொதுச் சட்ட முறையும் பற்றிய பாடம், மெல்போர்னில் பொதுச் சட்ட அடிப்படைகள். உங்கள் படிப்பில் அது விருப்பப் பாடமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கிளம்பும்போது பழைய வேலையின் குறிப்பேடுகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதலாளியிடம் அனுமதி கேட்டு, ரகசியமானவற்றை நீக்கிவிட்டு, எடுத்துப் போங்கள். இரண்டாம் மாதக் கருத்தரங்கில் 20.1ஆம் பிரிவு விவாதத்துக்கு வந்தது. வெள்ளம் வந்த அன்று தளத்தில் யார் எதைக் குறித்துவைப்பார்கள், 'தெரியவந்த நாள்' எது என்று அந்தக் குறிப்பிலிருந்து சொல்ல முடியுமா என்று பக்கத்தில் இருந்த வழக்கறிஞர் கேட்டார். பையிலிருந்து தளக் குறிப்பேட்டை எடுத்து, சேறு படிந்த அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். என் ஆய்வுக் கட்டுரை அந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது.